சிம்லா ஆப்பிள்

பள்ளியில் பிரெஞ்சில் 'போம்' என்று படித்தபோது நான் ஆப்பிளைக் கண்ணால் கண்டதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமா ஒன்று வாங்கி வந்தார். சிம்லா ஆப்பிள் என்றார் கடைக்காரர் என்று சொன்னார்.

குலு பக்கம் 1870-களில் ஆங்கிலேயர் வைத்தவை புளிப்பு ரகங்கள். நம்மவர் நாக்குக்குப் பிடிக்கவில்லை. சிம்லாவைத் தாண்டி கோட்கரில் குடியேறிய அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ் இதைக் கவனித்து, 1916 வாக்கில் 'ரெட் டெலிஷியஸ்' கன்றுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். அயோவாவில் ஒரு விவசாயி வெட்டியும் திரும்பத் துளிர்த்த மரத்தின் வம்சம் அது! நல்ல தித்திப்பு, மலைக்குளிரும் ஏற்றது. கன்றுகளை ஊராருக்கும் கொடுத்தார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறைக்கும் போனார். மலைக் கிராமங்கள் தலைநிமிர்ந்தது அந்தப் பழத்தால்தான்.

அப்பா ஒரு துண்டுதான் சாப்பிட்டார். மீதியை அம்மா எங்கள் ஐந்து பேருக்கும் நறுக்கிக் கொடுத்தார்.