மூடிய கதவும் தொங்கும் குவளைகளும்

1918 செப்டம்பர் 29. லண்டனின் குயின்ஸ் ஹால் அரங்கம். முதல் உலகப்போர் இன்னும் ஓயவில்லை. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய ‘கோள்கள்’ என்ற ஏழு பகுதி இசைக்கோவை அன்றுதான் முதன்முறையாக ஒலித்தது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி. இசைக்குழு முழுக்கத் தொழில்முறைக் கலைஞர்கள். நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். கடைசிக் கோளான நெப்டியூனில் சொற்கள் இல்லாத பெண்குரல்கள் வந்து சேர்கின்றன. பாடியவர்கள் ஹோல்ஸ்ட் இசை கற்பித்துவந்த செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியின் மாணவிகளும் மார்லி கல்லூரியின் பெண்களும்.

அவர்களை யாரும் பார்க்கவில்லை. பாடகியர் பக்க அறை ஒன்றில் மறைவாக நிற்கவேண்டும், முடிவில் அந்த அறையின் கதவை ஓசையில்லாமல் மெல்லச் சாத்தவேண்டும், குரல் தேய்ந்து இல்லாமல் போகவேண்டும் என்று இசைத்தாளிலேயே குறிப்பு இருக்கிறது. அழகான யோசனை, மறுக்கவில்லை. தொலைவில் இருக்கும் ஒரு கோளுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பள்ளி மாணவிகள் ஒரு பெரிய அரங்கில் பாடிய நாளைத் தேடிப் போகும்போது முதலில் கண்ணில் படுவது சாத்தப்படும் ஒரு கதவு என்பதைக் கடந்துபோக முடியவில்லை.

அந்த இசைத்தாள் உருவான விதத்தையும் சொல்லவேண்டும். ஹோல்ஸ்டின் வலக்கையில் நரம்புவலி. நீண்ட நேரம் பேனா பிடிக்க அவரால் முடியாது. ‘கோள்கள்’ போன்ற ஒரு பெரும்படைப்பின் முழு இசைத்தாளை, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி வரியாக, அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் வாலி லாஸ்கர், நோரா டே. இருவரும் அதே பெண்கள் பள்ளியின் இசை ஆசிரியைகள். எழுதியது மட்டுமல்ல, இரண்டு பியானோக்களில் வாசித்துக்காட்டி, எழுதியது எப்படி ஒலிக்கிறது என்று அவரே கேட்க வழிசெய்ததும் அவர்கள்தான். ஒரு பெண்கள் பள்ளியின் ஊதியப் பட்டியலில் இருந்த இரண்டு ஆசிரியைகளின் கைகள் இல்லாமல் அந்த இசை அரங்கேறியிருக்காது.

அன்று ஹோல்ஸ்டின் ஒரே மகள் இமோஜனுக்குப் பதினோரு வயது. பின்னர் அவரும் அதே பள்ளியில் படித்தார். பியானோக் கலைஞராக வரவேண்டும் என்ற ஆசை இடக்கையில் வந்த நோயால் நின்றுபோனது. மிச்சமிருந்தவை கற்பித்தல், பிறருக்காக இசைத்தாள் எழுதுதல், கூட்டிப் பாடவைத்தல். தொழில்முறை இசையில் பெண்களுக்குத் தாராளமாகத் திறந்திருந்த வேலைகளும் இவைதாம்.

1940இல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, இங்கிலாந்தில் கலைகளுக்கு ஊக்கம் தர ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. 1946இல் கலைக் கவுன்சிலாக மாறியது அதுவே. ஊர் ஊராகப் போய் மக்களை இசையில் ஈடுபடுத்தச் சில பயண இசையாளர்களை நியமித்தார்கள். இமோஜனுக்குக் கிடைத்தது தென்மேற்கு மாவட்டங்கள். ஆண்கள் பலர் போர்முனையில். கிராமங்களில் அவர் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ‘விமென்ஸ் இன்ஸ்டிட்யூட்’ என்ற கிராமப்புற மாதர் சங்கத்தின் கூட்டங்களில் பேச்செல்லாம் முடிந்தபின் பொழுதுபோக்குக்கென்று அரைமணி நேரம் ஒதுக்குவார்கள். அந்த அரைமணியில் இசை கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லை, போர்க்காலத்தில் கடையிலும் கிடைக்காது. அடுக்களையில் என்ன இருக்கிறதோ அதைக்கொண்டு தாளம் போடவேண்டியதுதான். பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் பேசும். ஜலதரங்கம் கேட்டுப் பழகிய நமக்கு இது பெரிய வியப்பில்லை. இந்தக் குவளைகள் பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் திரும்ப வரும்.

(நடுவில் இமோஜன் நம் பக்கமும் வந்துபோனார். 1950இன் இறுதியில் சாந்திநிகேதன் சென்று இரண்டு மாதங்கள் தங்கிக் கற்பித்தார், இந்திய இசையும் கற்றார். தந்தை சமஸ்கிருதம் படித்து ‘சாவித்ரி’ என்று ஓர் இசைநாடகம் எழுதியவர். மகள் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டார்.)

1952இல் இங்கிலாந்தின் கிழக்குக் கடலோர ஊரான ஆல்ட்பரோவுக்கு இமோஜன் குடிபெயர்ந்தார். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்கு உதவியாளராக. பிரிட்டன் எழுதுவதைச் சுத்தமாகப் படியெடுப்பது, பாடகர்கள் பயிற்சிசெய்யப் பியானோ வடிவம் தயாரிப்பது, ஒத்திகைகளுக்குக் குழுக்களைத் தயார்செய்வது எல்லாம் அவர் வேலை. லாஸ்கரும் டேயும் தந்தைக்குச் செய்ததை மகள் இன்னொருவருக்குச் செய்தார். 1956இல் ஆல்ட்பரோ இசைவிழாவின் கலை இயக்குநர்களில் ஒருவராகவும் ஆனார். அதற்குப் பிறகும் படியெடுக்கும் வேலை நிற்கவில்லை.

அந்த விழாவில் குழந்தைகளை மேடையேற்றுவது புதிதல்ல. 1949இல் புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றிய ஓர் இசைநாடகத்தில் இப்ஸ்விச் நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் பாடகர் குழுவிலிருந்து குழந்தைகள் வந்து பாடியிருக்கிறார்கள். 1957, 58இல் பிரிட்டன் எழுதியது அதைவிடப் பெரிய ஆசை: நோவாவின் வெள்ளம். செஸ்டர் நகரத்தின் பழைய சமய நாடகத்திலிருந்து எடுத்த கதை. இடைக்காலத்தில் அதை நடத்தியவர்கள் அந்நகரின் தண்ணீர் சுமக்கும் தொழிலாளர்கள். வெள்ளக் கதை அவர்கள் பங்குக்கு வந்ததில் ஒரு நகைச்சுவை இருக்கிறது.

1958 ஜூன் 18 அன்று ஆர்ஃபர்ட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் அது அரங்கேறியது. தேவாலயம் போன்ற பெரிய கட்டடத்தில் நடத்துங்கள், நாடக அரங்கில் வேண்டாம் என்பது பிரிட்டனின் விருப்பம். நோவாவும் அவர் மனைவியும் கடவுளின் குரலும் மட்டுமே பெரியவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரப் பள்ளிக் குழந்தைகள்: நோவாவின் மகன்கள் சேம், காம், யாப்பேத்து, அவர்களுடைய மனைவியர், நோவாவின் மனைவிக்குத் தோழியர், பேழைக்குள் ஜோடி ஜோடியாக அணிவகுத்துப் போகும் விலங்குகளும் பறவைகளும். வந்திருந்த ஊர்மக்களுக்கும் வேலை இருந்தது. நடுநடுவே மூன்று பாடல்களை எல்லாரும் எழுந்துநின்று பாடவேண்டும்.

இசைக்குழுவின் அமைப்புதான் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. தொழில்முறைக் கலைஞர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சுற்றிலும் குழந்தைகள். வயலின்களை மூன்று தரமாகப் பிரித்து எழுதியிருக்கிறார். முதல் தரத்தாருக்குக் கொஞ்சம் கடினமானது. மூன்றாம் தரத்தாருக்குப் பெரும்பாலும் விரலே வைக்காமல் வெறுந்தந்தியை இழுத்தால் போதும். வயலின் பிடிக்கக் கற்றுச் சில மாதங்களே ஆன சிறுமியும் அந்த வரியை வாசிக்கலாம். ஆனால் அது கண்துடைப்புக்காக எழுதிய வரி அல்ல. அது இல்லாவிட்டால் இசை இளைத்துப்போகும். பியூகிளில் சில சுரங்கள்தாம் வரும். விலங்குகளின் அணிவகுப்பை முழங்கித் தொடங்கிவைக்க அந்தச் சில சுரங்களே போதும் என்று எழுதியிருக்கிறார். குழந்தைக்கு என்ன தெரியுமோ அங்கிருந்து தொடங்கி எழுதுவது. கிராமத்து மாதர் சங்கங்களில் இமோஜன் ஆண்டுக்கணக்கில் செய்துவந்ததும் இதுதான். பெண்கள் பள்ளிக்கூடத்தின் தந்தி வாத்தியக் குழுவுக்கென்றே ‘செயின்ட் பால்ஸ் சூட்’ எழுதிய அவர் தந்தை செய்ததும் இதுதான். பிரிட்டனின் மேதைமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த மேதைமைக்குப் பக்கத்து இருக்கையில் யார் இருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

மழையின் முதல் துளிகளுக்கு என்ன ஓசை வைப்பது என்று பிரிட்டனுக்குப் பிடிபடவில்லை. இமோஜன் அவரைத் தன் அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கயிற்றில் தொங்கும் குவளைகளையும் மரக்கரண்டியையும் காட்டினார். ‘தொங்கும் குவளைகள்’ இசைத்தாளில் ஒரு வாத்தியமாக ஏறின. அதேபோல் ஆல்ட்பரோ இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் கைமணிகள் ஒலிப்பதைப் பிரிட்டன் கேட்க வாய்த்ததும் இமோஜன் வழியாகத்தான். வானவில் தோன்றும் இடத்தில் அந்த மணிகள் வருகின்றன. வெள்ளத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஓசை கொடுத்தவர் ஒருவரே. ஆனால் குவளைக் கதையை நிகழ்ச்சிக் கையேடுகள் எழுதும்போது ஒரு வேடிக்கைத் துணுக்காகவே எழுதுகின்றன. சமையலறைக்காரியின் சாமர்த்தியம் என்ற தொனியில். போர்க்காலத்தில் வெறுங்கையோடு ஊர் ஊராகச் சுற்றிக் கண்டெடுத்த கற்பித்தல் முறை அது என்பதும், அதற்குப் பின்னால் உள்ள ஆண்டுகளும் துணுக்கில் அடங்குவதில்லை. பள்ளி ஆண்டுவிழாவுக்கு இரவு முழுக்க அட்டைக் கிரீடம் ஒட்டிய டீச்சர் எவருக்கும் இந்தத் தொனி பழக்கமானதுதான்.

இன்னொன்று. பியூகிள் ஊத வந்தவர்கள் ஹோல்புரூக்கில் உள்ள ராயல் ஹாஸ்பிட்டல் பள்ளியின் மாணவர்கள். தாள வாத்தியங்களுக்கு உல்வர்ஸ்டன் ஹால் பள்ளி. இரண்டும் அந்நாளில் ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிகள். கப்பற்படை மரபில் வந்த ஆண்கள் பள்ளியில்தான் பியூகிள் அணி இருக்கும்; மாணவிகள் கையில் யார் பியூகிள் கொடுத்திருப்பார்கள்? சமூகத்தோடு கைகோத்து நாடகம் போடுவது என்பது நல்ல செயல். ஆனால் ஒரு பள்ளியோடு கைகோக்கும்போது அந்தப் பள்ளியின் பிரிவினைகளும் சேர்ந்து மேடையேறிவிடுகின்றன. அதை மாற்றத் தனியாக முயற்சி வேண்டும்.

சரி, மாணவிகளுக்குக் கிடைத்த வேடங்கள் என்ன? விலங்குகள், பறவைகள், மூன்று மனைவியர். மனைவியருக்குத் தனிப்பெயர் கிடையாது. சேமின் மனைவி, காமின் மனைவி, யாப்பேத்தின் மனைவி. பிறகு, தோழியர். அந்தத் தோழியர் வேடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

பேழை தயாராகிவிட்டது. நோவா கூப்பிடுகிறார். மனைவி வர மறுக்கிறாள். தோழிகளோடு உட்கார்ந்து மது குடித்துக்கொண்டிருக்கிறாள். 1958இல் அவ்வேடம் ஏற்றவர் தொழில்முறைப் பாடகி கிளாடிஸ் பார். கடைசியில் மகன்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேழைக்குள் போடுகிறார்கள், அவள் நோவாவின் கன்னத்தில் அறைகிறாள், பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். குடிகார, வாயாடிப் பெண்டாட்டி. எல்லா மொழியிலும் உள்ள பழைய நகைச்சுவை. ஆனால் செஸ்டர் மூலத்தில் அவள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். தோழிகள் என்மேல் அன்பு வைத்தவர்கள், அவர்களையும் படகில் ஏற்று, அவர்களை மூழ்கவிட்டு நான் வரமாட்டேன் என்கிறாள். அந்த நாடகம் முழுவதிலும், மூழ்கப்போகும் மனிதர்களில் ஒருவருக்காக வாய்திறந்து கேட்பவள் அவள் ஒருத்திதான். நோவா கேட்கவில்லை. கடவுளும் கேட்கவில்லை. விலங்குகளுக்கு இடமிருக்கிறது, பக்கத்துவீட்டுக்காரிக்கு இல்லை.

அந்தத் தோழியரை ஆங்கில மூலம் அழைக்கும் சொல் ‘காசிப்’. இன்று அதற்கு வம்பு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது ஞானப்பெற்றோரைக் குறித்தது; பிறகு பிள்ளைப்பேற்றின்போது உடனிருக்கும் பெண்களையும், நெருங்கிய தோழிகளையும் குறித்தது. பெண்கள் ஒன்றுகூடி இருப்பதற்கான பெயரே காலப்போக்கில் வசைச்சொல்லாக இறங்கிவிட்டது.

இந்தப் பகுதியை நடிக்கப் பள்ளி மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தோழியரைக் குடித்துக் கூத்தடிக்கும் கும்பலாக மட்டும் நடிக்கவைத்தால் அரங்கம் சிரிக்கும், வேலை முடியும். அவர்கள் வெள்ளத்தில் போகும் கணத்தில் சிரிப்பை நிறுத்திவைக்க முடியுமா? அதற்குக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசவேண்டும். இவள் ஏன் வர மறுக்கிறாள், நீ அந்த இடத்தில் இருந்தால் யாரை விட்டுவிட்டு ஏறுவாய் என்று கேட்கவேண்டும். நாடகத்தில் இல்லாத ஒத்திகை நேரம் அது. பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குப் பெரியவர்களைவிட நேர்மையாகப் பதில் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த இசைநாடகம் அதன்பின் எத்தனையோ ஊர்களில் உள்ளூர்ப் பள்ளிகளோடு சேர்ந்து நடந்திருக்கிறது. 2019இல் லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஈஸ்ட் அரங்கில் இங்கிலிஷ் நேஷனல் ஆப்பெரா அதை நடத்தியது. வெஸ் ஆண்டர்சனின் 2012ஆம் ஆண்டுப் படமான ‘மூன்ரைஸ் கிங்டம்’ பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: காக்கை இனப் பறவை ஒன்றின் வேடத்தில் ஒப்பனை அறையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், இந்த நாடகத்தில் நடிக்கத்தான் காத்திருக்கிறாள்.

இமோஜன் 1964இல் பிரிட்டனுக்காகப் படியெடுக்கும் வேலையை விட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அதே ஆண்டில்தான் ஆல்ட்பரோவில் தனக்கென்று கட்டிய வீட்டுக்குக் குடிபோனார். பிரிட்டனுக்குக் குவளைகளைக் காட்டியது, அதற்கு முன்பு அவர் குடியிருந்த இடத்தின் அடுக்களையில்.