‘இதர மரங்கள்’ கணக்கில் ஒரு மரம்

கிராமக் கணக்குகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். வரும்படி தரும் மரத்துக்குத்தான் அங்கே பெயர் உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளிக்கும் பனைக்கும் 2சி பட்டா என்று தனி ஏற்பாடே இருந்தது. மற்றவை எல்லாம் ‘இதர மரங்கள்’. திண்டுக்கல் சமவெளியின் ஆயா மரம் அந்த இதரத்துக்குள் போய் மறைந்த மரங்களில் ஒன்று. ஆவி மரம் என்றும் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து தீர்ந்துவிடும். ஆயா அதற்குத் தக்கபடி நடந்துகொள்கிறது. தை, மாசியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பங்குனி வெயிலில் கிளையெல்லாம் வெளிர்பச்சைக் கொத்துகள். தூரத்திலிருந்து பார்த்தால் தளிர் போலிருக்கும். கிட்டப் போனால் அத்தனையும் காய். பழைய காலணா அளவுக்கு ஒரு வட்டச் சிறகு, நடுவில் ஒரே விதை. காய்ந்ததும் காற்று கொண்டுபோய்விடும். சரளை மண்ணிலும் வளரும், வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். இலையைக் கசக்கினால் மட்டும் ஒரு கெட்ட நாற்றம். வாத வீக்கத்துக்குப் பட்டையை வேகவைத்துப் போடுவது நாட்டு வைத்தியம்.

சோழமண்டலக் கரையின் செடிகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் படம் வரைவித்துப் பதிப்பித்த வில்லியம் ராக்ஸ்பர்க், இதை ஐரோப்பாவின் எல்ம் மர இனத்தில் சேர்த்தார். எல்ம் இலையின் ஓரம் ரம்பம் போலிருக்கும்; இதற்கு வெட்டில்லாத முழு ஓரம் என்பதால் ‘இன்டெக்ரிஃபோலியா’ என்று பெயர் வைத்தார். 1848-இல் பிரெஞ்சுக்காரரான ழூல் எமில் பிளான்ஷோன் இதைத் தனி இனமாகப் பிரித்து ‘ஹோலோப்டீலியா’ என்றார். (பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த பூச்சியை 1868-இல் கண்டுபிடித்தவர்களில் இவரும் ஒருவர்.) அதே ஆய்வில் ஹேக்பெர்ரி என்னும் செல்டிஸ் மரங்களையும் வகைப்படுத்தினார். நம் மலைக்காடுகளில் வளரும் ஒரு செல்டிஸுக்கு, பழனி மலையில் செடி சேகரித்த மருத்துவர் ராபர்ட் வைட்டின் பெயரைச் சூட்டினார்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தச் செல்டிஸ் ‘மிக்கோக்குலியே’ என்ற பெயரில்தான் முதலில் அறிமுகம். தென் பிரான்சின் வறண்ட சுண்ணாம்புக்கல் பூமியில் ஊர்ச் சதுக்கத்துக்கு நிழல் தரும் மரம் அது. சோவ் என்ற ஊரில் அதன் கிளைகளை வளரும்போதே மூன்று கவையாகப் பழக்கி, வைக்கோல் வாரும் கவைக்கோலாக வெட்டி எடுப்பார்கள். ஆயாவும் செல்டிஸும் நெடுங்காலம் ஒரே குடும்பமாக இருந்தன. பின்னாளில் மரபணு ஆராய்ச்சி வந்து செல்டிஸைக் கஞ்சாச் செடியின் குடும்பத்தில் சேர்த்துவிட்டது! ஆயா எல்முடனேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவிலும் ஒரு ஹேக்பெர்ரி உண்டு. 1930-களில் அங்கே நடுச் சமவெளியில் மழை பொய்த்து, உழுத மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்தது. 1934-இல் ரூஸ்வெல்ட் அரசு காற்றுத் தடுப்பு மரவரிசைகள் போடத் தொடங்கியது. 1942-க்குள் 20 கோடிக்கும் மேல் மரங்கள் நட்டார்கள். அந்தப் பட்டியலில், வறட்சி தாங்கும் உள்ளூர் மரம் என்று ஹேக்பெர்ரியும் இடம்பெற்றது. நாமோ விறகுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தாண்டிச் சீமைக் கருவேலத்தைக் கொண்டுவந்தோம். அது கண்மாய்க்குள் புகுந்த பிறகு, 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போடும்படி ஆயிற்று. பிடுங்கிய இடத்தில் என்ன நடுவது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கரையிலேயே ஒரு கிழட்டு ஆயா நின்றிருந்தாலும் அதை யார் பார்த்தார்கள்?

விதை விழுவது சித்திரை வாக்கில். பழைய விதை முளைக்காது. விழுந்த சூட்டோடு சிறகோடேயே தூவலாம். ஐப்பசி மழைக்குக் கன்றை நட்டுவிட்டால், முதல் கோடையில் கொஞ்சம் தண்ணீரும் ஆட்டுக்குத் தடுப்பாக ஒரு முள்வேலியும் போதும். அந்த முள்ளுக்குச் சீமைக் கருவேலம் எங்கும் கிடைக்கும்.