சிவகாசியில் அச்சான பனிமூட்டம்: குறுந்திகில் படக்கதைகளும் நீலகிரி நிலக்காட்சியும்

தமிழ்ப் படக்கதை வரலாறு பெரும்பாலும் நாயகர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியும், 1984இல் லயன் காமிக்ஸ் கொணர்ந்த மாடஸ்தியும் பெற்ற கவனம், நாயகர் எவருமற்ற குறுந்திகில் கதைகளுக்குக் கிட்டவில்லை. 1986இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘திகில் காமிக்ஸ்’ அவ்வகையைத் தன் பெயரிலேயே அறிவித்துக்கொண்ட இதழாகும். இத்தகைய கதைகளில் அச்சத்தைத் தாங்கி நிற்கும் நிலக்காட்சி தமிழில் எவ்வாறு பொருள்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

‘மிஸ்டி’ (1978–1980), ‘ஸ்க்ரீம்’ (1984) முதலிய பிரிட்டானிய வார இதழ்கள் வளர்த்த குறுங்கதையின் வடிவம் எளியது. சில பக்கங்களுக்குள் ஒருவர் பேராசையாலோ கொடுமையாலோ பிழை செய்கிறார். இறுதிக் கட்டத்தில் அதற்குரிய தண்டனை அவரை வந்தடைகிறது. பழையனூர் நீலியின் பழிவாங்கலை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த அறம் புதிதன்று. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 20 வயதுக்குட்பட்டோரைக் கெடுக்கக்கூடிய வெளியீடுகளைத் தடைசெய்தது. குற்றம், வன்முறை, கொடூர நிகழ்ச்சி ஆகியவற்றைச் சித்திரிக்கும் படக்கதைகளும் அதன் வரையறைக்குள் அடங்கும். எனினும் வெளியீட்டை முழுமையாக நோக்குமாறு அச்சட்டம் கூறுகிறது. தண்டனையில் முடியும் குறுங்கதை அதற்கான விடையைத் தன் கடைசிக் கட்டத்திலேயே வைத்திருந்தது எனலாம்.

அறம் எளிதில் பெயர்ந்தது. நிலம் அவ்வாறு பெயரவில்லை. மொழிபெயர்ப்புப் படக்கதையில் பேச்சுக் குமிழிக்குள் இருப்பது மட்டுமே தமிழாகிறது. ஓவியரின் கோடுகள் அப்படியே நிற்கின்றன. கணப்படுப்பு எரியும் கூடம், பாசி படர்ந்த கல்லறைகள், விளக்கொளியை விழுங்கும் பனிமூட்டம் ஆகியவை, வறண்ட வானிலையால் அச்சுத்தொழில் செழித்த சிவகாசியில் தமிழ்ச் சொற்களோடு அச்சாயின. இம்முரண் சுவையானது. கரிசல் நிலத்து வாசகர் இக்காட்சியைத் தமிழ்நாட்டில் எங்கே பொருத்துவார்?

நீலகிரியே அதற்கு வாய்ப்பான இடம் என்பது என் கருத்து. அம்மலையின் நகர்ப்பகுதிகள் ஆங்கிலேயரின் ஊர் நினைவைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல் வீடு எழுப்பினார். 1830இல் புனித ஸ்தேவான் ஆலயம் உருவாயிற்று. அதன் பின்புறச் சரிவில் ஐரோப்பியரின் கல்லறைகள் உள்ளன. ஆகவே பிரிட்டானிய ஓவியத்துக்கு ஏற்ற சட்டகம் தமிழகத்தில் முன்பே கட்டப்பட்டிருந்தது. மலை மாளிகையை ஆவியின் இருப்பிடமாக்கும் வழக்கத்தைத் திரைப்படமும் வலுப்படுத்தியது. ‘கல்யாணராமன்’ (1979) ஆவிக்கதையைத் தேயிலைத் தோட்டத்தோடு இணைத்தது.

இச்சட்டகத்துள் இடம்பெறாதவர் அம்மலையின் பழங்குடியினர். நீலகிரியில் அச்சத்துக்குத் தனி வரலாறு உண்டு; அது பொழுதுபோக்கு அன்று. குறும்பர்கள் மாந்திரீகம் வல்லவர்கள் என அண்டைச் சமூகத்தார் நம்பினர். நோயும் சாவும் தொடர்ந்த காலங்களில் அந்நம்பிக்கை கொலையில் முடிந்ததை 19ஆம் நூற்றாண்டின் ஆட்சிப் பதிவுகளும், தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள், குலங்கள் பற்றிய தொகுதிகளும் காட்டுகின்றன. படக்கதையின் கடைசிக் கட்டத்தில் குற்றவாளி அழிகிறான். மலையிலோ ஐயத்துக்குள்ளானவரே அழிக்கப்பட்டார். சில வேளைகளில் அவருடைய குடும்பமும் தப்பவில்லை.

இவ்வுறவில் அச்சம் மட்டும் இருந்ததாகவும் கொள்ள இயலாது. படகர் ஊர்கள் தமக்கெனக் குறும்பர் ஒருவரை அமர்த்திக்கொண்டன. பிற மந்திரங்களிலிருந்து ஊரைக் காப்பதும் விதைப்புக்கு முன் சடங்கு செய்வதும் அவர் பொறுப்பு. அதற்காக விளைச்சலில் அவருக்குப் பங்கு அளிக்கப்பட்டது. முதல் விதைக்கு யாரை அழைத்தார்களோ, அவருடைய இனத்தார் மீதே கால்நடை மடிந்தபோது பழியும் விழுந்தது.