ஒரு சிறு வினைச்சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவர் முதல் ஆண்டிலேயே கற்கும் சொற்களுள் 'டேக்' என்பது ஒன்று. 'எடு' என்று அதற்குப் பொருள் எழுதிக்கொண்டு மனநிறைவு அடைகின்றோம். அந்த நிறைவு அடுத்த பாடம் வரையில்கூட நிலைப்பதில்லை. நாம் மருந்து உண்கின்றோம், ரயில் ஏறுகின்றோம், தேர்வு எழுதுகின்றோம், நண்பரிடம் விடை பெறுகின்றோம், படைவீரர் கோட்டையைப் பிடிக்கின்றனர். இந்த ஐந்து செயல்களையும் ஆங்கிலேயர் 'டேக்' என்னும் ஒரே வினையால் சொல்லிவிடுகின்றனர். ஓரசைச் சொல் ஒன்று இத்தனை பொருள்களைத் தாங்குவது எவ்வாறு? இதற்கு விடை தருவது இலக்கணம் மட்டுமன்று; இங்கிலாந்தின் வரலாறும் ஆகும்.

வியப்பு என்னவெனில், இச்சொல் ஆங்கிலத்தின் பிறவிச் சொல்லே அன்று. பழைய ஆங்கிலத்தில் 'எடுத்தல்' என்னும் பொருளைத் தந்த சொல் 'நிமன்' என்பது. இன்றைய ஜெர்மன் மொழியில் வழங்கும் 'நேமன்' அதன் உடன்பிறப்பு. கி.பி. 793இல் வடகடல் கடந்து வந்த வைகிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைச் சூறையாடினர். கொள்ளையிட வந்தோரின் வழியில் பின்னர்க் குடியேற வந்தோரும் பலர். 878இல் அரசர் ஆல்ஃபிரட் அவர்களை வென்றார் எனினும், நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி டேனியரின் ஆட்சியில் நின்றது. 1016இல் கனூட் என்னும் டேனிய மன்னர் இங்கிலாந்து முழுவதற்குமே அரசரானார்.

போர் ஓய்ந்தபின் இரு மக்களும் அண்டை அயலாராயினர். ஒரே சந்தையில் பண்டம் மாறினர். பெண் கொடுத்துப் பெண் கொண்டனர். இரு மொழிகளும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலின், ஒருவர் பேச்சு மற்றவர்க்கு ஓரளவு விளங்கியது. அவ்வாறு அன்றாடப் பேச்சின் வழியே நுழைந்ததுதான், கையால் பற்றுதலைக் குறித்த 'டாகா' என்னும் வடமொழியாளர் சொல். இங்கே வடமொழி என்பது ஐரோப்பாவின் வடபகுதி மொழியையே குறிக்கும். 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்னும் சொல்லும் அதே வழியில் வந்ததே.

வந்த சொல் வீட்டுக்கு உரிய சொல்லை வெளியேற்றியது. 'நிமன்' மெல்ல மெல்ல வழக்கிழந்து, இறுதியில் திருடுதல் என்னும் இழிந்த பொருளில் மட்டும் சில காலம் உயிர் வாழ்ந்தது. விரைவாக இயங்குவோரைக் குறிக்கும் 'நிம்பிள்', உணர்விழந்து மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்' என்னும் இரு சொற்களில் அதன் சுவடு இன்றும் உள்ளது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி அரசவையில் ஏறியது. பிரெஞ்சுக்காரர் 'பிராந்தர்' என்னும் தம் வினையோடு பெயர்களைச் சேர்த்து வழங்கிய தொடர்கள் சில, 'டேக்' என்பதன் துணைகொண்டு ஆங்கில உருப் பெற்றன. விடை பெறுதலைக் குறிக்கும் தொடர் அவற்றுள் ஒன்று.

இனி, இச்சொல்லோடு போராடிய ஓர் அறிஞரைக் காண்போம். 1746இல் லண்டன் புத்தக வணிகர்களோடு ஒப்பந்தம் செய்து, ஆங்கில அகராதி ஒன்றை ஆக்க முனைந்தார் சாமுவேல் ஜான்சன். மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். ஆங்கில மொழியை நிலைபெறச் செய்து, அதன் மாற்றத்தைத் தடுத்து நிறுத்துவதும் அவருடைய தொடக்க நோக்கங்களுள் ஒன்று. நூல்களைப் படித்து அவர் கோடிட்டுத் தந்த பகுதிகளை, உதவியாளர் அறுவர் படியெடுத்தனர்.

அரிய சொற்கள் அவருக்கு அத்துணைத் தொல்லை தரவில்லை. எளிய வினைகளே அவரை அலைக்கழித்தன. 1755இல் வெளியான அவ்வகராதியில், 'டேக்' என்பதற்கு மட்டும் 134 பொருள்கள் உள்ளன; ஐந்து பக்கங்களுக்கு மேல் அவை நீள்கின்றன. மூன்றாண்டுப் பணி ஒன்பது ஆண்டுகளாயிற்று. மொழியை நிலைநிறுத்தலாம் என்று தாம் கொண்ட எண்ணம் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஒவ்வாதது என்பதை முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். இத்தகைய பொதுவினைகள் உயிருள்ள மொழியில் ஓயாது இடம் மாறிக்கொண்டிருப்பவை என்பதையும் எடுத்துரைத்தார். பெரும்புலவர் ஒருவர் இவ்வாறு தம் தோல்வியை மறையாது எழுதியது அவருடைய அகராதிக்குப் பெருமையே சேர்த்தது.

ஜான்சன் 1784இல் மறைந்தார். அவர் காணாத ரயில் வந்தது, வானூர்தி வந்தது. அவற்றைக் குறிக்கவும் புதுவினை படைக்காது, 'டேக்' என்பதையே மக்கள் பயன்படுத்தினர். இன்று பொருள் மிகுதியில் அதனையும் விஞ்சி நிற்பது, ஓடுதலைக் குறிக்கும் 'ரன்'. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011இல் வெளியிட்ட புதிய பதிப்புப் பதிவில் அவ்வினைக்கு 645 பொருள்கள் காட்டப்பெற்றன. மக்கள் அன்றாடம் கையாளும் சொற்களே மிகுதியான பொருள்களைச் சுமக்கின்றன.

மாணவர்களே, இதனை அயல்மொழியின் குறையென்று எண்ணிவிடாதீர்கள். நம் 'எடு' என்னும் வினையையே நோக்குங்கள். பசி எடுக்கின்றது, பகைவர் மேல் படை எடுக்கின்றோம், பெரியோர்க்கு விழா எடுக்கின்றோம், தேர்வில் மதிப்பெண் எடுக்கின்றோம். நம் வீட்டுச் சொல் ஆதலின் அதன் பன்மை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தமிழ் கற்க வரும் ஓர் ஆங்கிலேயர், நாம் 'டேக்' என்பதன் முன் திகைப்பது போலவே, இதன் முன் திகைத்து நிற்பார்.

ஆதலின், 'டேக்' என்றால் 'எடு' என்று எழுதிக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகின்றது என்பதையும் உடன் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லைத் தனியே பிரித்து மனப்பாடம் செய்தவர்க்கு அது புதிராகவே இருக்கும். அது பழகும் சொற்களோடு சேர்த்துக் கற்றவர்க்குத் தன் பொருளைத் தானே உணர்த்தும்.