இரவிகுளத்தில் பூட்டிய கேட்

மூணாறு போய்வந்த நம் சங்கக் குடும்பங்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பிள்ளைகளுக்கு வரையாடு காட்டலாம்னு இரவிகுளம் போனோம் சார், கேட்டைப் பூட்டி வச்சிருக்காங்க!" விசாரித்தால், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போயிருப்பார்கள். அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு பழங்கதை இருக்கிறது.

சங்க நூல்களில் வரும் 'வருடை' இந்த வரையாடுதான் என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனால் அதிக எண்ணிக்கையில் வாழ்வதோ கேரளத்து இரவிகுளத்தில்! (நம்மைப் போல அதுவும் வெளிமாநிலவாசி.) 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில், 2025 கணக்கெடுப்பின்படி 800-க்கும் மேல்.

இவற்றைக் காத்தவர்கள் வேட்டைக்காரர்கள் என்றால் நம்புவீர்களா? கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களின் வெள்ளைக்கார மேலாளர்கள் இந்தப் புல்மேடுகளைத் தங்கள் வேட்டைக்களமாக வைத்திருந்தார்கள். அதற்கென்றே சங்கம் அமைத்து, வெளியார் துப்பாக்கியோடு நுழையாமல் பார்த்துக்கொண்டார்கள். காட்டைக் காவல் காத்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. துரைமார் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. குளிரிலும் மழையிலும் மலை சுற்றிய முதுவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றிக் கம்பெனியின் உபரி நிலங்களை எடுத்துக்கொண்டது. விவசாயத்துக்குக் கொடுப்பதே சட்டத்தின் நோக்கம். இரவிகுளமும் உழவுக்குப் போயிருந்தால் வரையாட்டின் கதி என்ன? நல்லவேளையாக 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள்.

இன்றும் பயணிகளுக்குத் திறந்திருப்பது இராஜமலை என்னும் சிறு பகுதிதான். வனத்துறை வண்டியில் ஏறி, இறங்கி, தார்ச்சாலையில் கொஞ்சதூரம் நடக்கலாம். 2,695 மீட்டர் ஆனைமுடியைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. மீதி மலையில் ஆள் நடமாட்டம் இல்லாததால்தான் இந்தச் சாலையோரத்தில் ஆடு பயமின்றி மேய்கிறது என்பேன்.

ஆண்டுத் தொடக்கத்தில்தான் அது குட்டி போடுகிறது. பெரும்பாலும் ஒரே குட்டி. அந்த நாளில் ஜனக்கூட்டம் சூழ்ந்தால் தாய் மிரளும். ஆகவேதான் பூட்டு. வழக்கமாக ஏப்ரலில் திறந்துவிடுகிறார்கள். முழுப் பரீட்சை முடிந்து போகிறவர்களுக்குக் குட்டிகளையும் பார்க்கக் கிடைக்கும்.