மீட்டர் போடுங்கண்ணா: ஓடாத ஒரு கருவியின் வரலாறு

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். தெருவுல கை காட்டி நிறுத்தின ஒரு சென்னை ஆட்டோவுல மீட்டர் ஓடி, அதுல காட்டின காசை மட்டும் கொடுத்து நீங்க இறங்கினது கடைசியா எப்போ? யோசிங்க. தி. நகர் பனகல் பார்க் முனையில, மயிலாப்பூர் லஸ்ல, அடையாறு சிக்னல்ல, எங்கயாவது?

எரிச்சல் தர்ற கருவிகள் பத்திப் பேசலாம்னு முடிவு பண்ணினப்ப முதல்ல வந்த யோசனை எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கிற சாமான்கள்தான். அஞ்சு ரிமோட், சும்மா சும்மா கத்துற வாட்டர் ப்யூரிஃபையர், அந்த மாதிரி. ஆனா சென்னையில ஒரே ஒரு கருவி அதை வெச்சிருக்கிறவரையும் கோபப்படுத்துது, அதைப் பார்க்கிறவரையும் கோபப்படுத்துது. ஆன் பண்ணினா ஒருத்தருக்கு எரிச்சல், ஆன் பண்ணலைன்னா இன்னொருத்தருக்கு எரிச்சல். அதுதான் ஆட்டோ மீட்டர்.

வேடிக்கை என்னன்னா, இந்தக் கருவி கண்டுபிடிக்கப்பட்டதே சண்டையை நிறுத்தத்தான்.

தூரத்தை அளக்கும் வண்டி பற்றி ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கிறார். 4 அடி விட்டமுள்ள சக்கரம் 400 சுற்று சுற்றினால் ஒரு ரோமானிய மைல். ஒவ்வொரு மைலுக்கும் பல்சக்கரம் ஒரு கூழாங்கல்லைக் கீழே இருக்கும் பெட்டியில் விழ வைக்கும். 'டொக்'னு சத்தம் கேட்டா ஒரு மைல் ஆச்சு. இறங்கும்போது கல்லை எண்ணிக்கலாம். இன்றைய மீட்டரின் தாத்தா இதுதான்.

நவீன டாக்ஸிமீட்டரை 1891ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் குஸ்டாஃப் ப்ரூன் உருவாக்கினார். 'டாக்ஸி' என்கிற பேரே 'டாக்ஸிமீட்டர்'லருந்து வந்ததுதான். அதாவது கருவி, தன்னைச் சுமந்த வண்டிக்கே பேர் வெச்சிடுச்சு. 1907ல் நியூயார்க்கில் ஹாரி ஆலன் என்ற தொழிலதிபரிடம், ஒரு மைல் கூட இல்லாத தூரத்துக்கு ஒரு குதிரை வண்டிக்காரர் 5 டாலர் கேட்டாராம். கடுப்பான ஆலன், மீட்டர் பொருத்திய கார்களை பிரான்ஸிலிருந்து இறக்கி ஒரு கம்பெனியே ஆரம்பிச்சுட்டார். கோயம்பேட்டுல இறங்கி அடையாறுக்கு விலை கேட்ட யாருக்கும் ஆலனோட மனசு புரியும்.

ரெண்டு பேர். முன்பின் தெரியாதவங்க. வாழ்க்கையில இன்னொரு தடவை சந்திக்கப் போறதில்லை. ஒருத்தருக்குத் தூரம் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது. நடுவுல ஒரு மூணாவது ஆள் உட்கார்ந்து, 'இவ்வளவுதாங்க'னு சொல்லணும். மீட்டருக்கு இருக்கிற வேலை அவ்வளவுதான்.

சென்னையில அந்த மூணாவது ஆளை முதல்ல கெடுத்தது தொழில்நுட்பம். பழைய மெக்கானிக்கல் மீட்டர் ஒரு இரும்புப் பெட்டி. மேல ஒரு கொடி மாதிரிக் கைப்பிடி, அதைத் தள்ளினா சவாரி ஆரம்பம். சக்கரம் சுத்துற கணக்கு கேபிள் வழியா மீட்டருக்குள்ள பல்சக்கரத்துக்குப் போகும். பல்சக்கரத்துல கை வெச்சா மீட்டர் வேகமா ஓடும். இதுக்கு நம்ம ஊர்ல அருமையான ஒரு சொல் இருக்கு: 'சூடு வெச்ச மீட்டர்'. எலெக்ட்ரானிக் மீட்டர் வந்தப்ப பல்சக்கரம் போய், சென்சார் அனுப்பும் துடிப்புகளை எண்ணும் முறை வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற ஒரு மாறிலி உள்ளே பதிஞ்சிருக்கும். அந்த எண்ணை மாத்தினா சூடு வெச்ச மாதிரிதான். அதைத் தடுக்கத்தான் மீட்டருக்கு முத்திரை. தமிழ்நாட்டுல இந்த முத்திரை தொழிலாளர் துறையின் கீழ வருது, தராசு, எடைக்கல்லை எல்லாம் சோதிக்கிற அதே பிரிவு. கட்டணத்தை முடிவு பண்றதும் பர்மிட் கொடுக்கிறதும் போக்குவரத்துத் துறை. ஒரு பெட்டிக்கு ரெண்டு துறை.

ஆனா நம்ம தலைமுறைக்கு சூடு வெச்ச மீட்டர் பற்றிப் பெரிசா தெரியாது. காரணம், மீட்டரே ஓடாத வண்டியில எதுக்குச் சூடு வைக்கணும்?

ஏன் ஓடலை என்பதுதான் இன்னிக்கு விஷயம். வழக்கமா இதுக்கு ஒரு பதில் தயாரா இருக்கும்: 'சென்னை ஆட்டோக்காரங்க அப்படித்தான்.' அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்சு ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் இதே பதில். எனக்கு இது சோம்பேறித்தனமான பதிலாப் படுது. மும்பைலயும் ஆட்டோ ஓட்டறவங்க வாடகை வண்டி, கடன் தவணைன்னு இதே பாட்டோடதான் இருக்காங்க. அங்க ஏறி உட்கார்ந்தா மீட்டர் விழுது. மும்பைக்காரங்க பிறவியிலேயே நல்லவங்க, நாம மட்டும் கெட்டவங்கன்னா சொல்ல முடியும்?

தேதிகளைப் பார்த்தா வேற கதை தெரியுது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67. ஆட்டோ கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. சரி. தமிழக அரசு 2007 ஜனவரியில் ஒரு கட்டணம் அறிவிச்சது: முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 6 ரூபாய். அடுத்த திருத்தம் 2013 ஆகஸ்ட் 25. ஆறரை வருஷம். அப்போது முதல்வர் ஜெயலலிதா. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருந்தா 5 நிமிஷத்துக்கு மூணரை ரூபாய், ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. இதுக்கு அடுத்த திருத்தம்? பத்து வருஷம் தாண்டியும் வரலை.

பனகல் பார்க்கிலிருந்து கபாலீஸ்வரர் கோயில் பக்கம் போறோம், சுத்தி வளைச்சு 5 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். 2007 கணக்குப்படி 32 ரூபாய். 2013 கணக்குப்படி 63 ரூபாய் 40 காசு. ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்படின்னா 2012ல 'மீட்டர் போட்டா கட்டுப்படியாகாது சார்'னு சொன்ன ஓட்டுநர் பொய் சொல்லலை. அடுத்த வருஷமே அரசாங்கம் அவர் சொன்னதுதான் சரின்னு அரசாணை போட்டு ஒத்துக்கிச்சு. அந்த ஆறரை வருஷம் அவர் வாங்கின திட்டை யாரும் திருப்பித் தரலை.

2013ல் புதுக் கட்டணம் வந்ததும் ஓர் அதிசயம் நடந்தது. மீட்டர்கள் ஓட ஆரம்பிச்சது. கட்டண அட்டை கொடுத்தாங்க, மீட்டரைத் திருத்த அக்டோபர் நடுப்பகுதி வரை அவகாசம், போலீஸ் சோதனை, அதிகாரிகள் சோதனை. சில மாசத்துக்கு நகரம் முழுக்க 'மீட்டர் போட்டாரா?'ங்கிறது சந்தோஷமான செய்தியா இருந்துச்சு. நான் அப்ப பள்ளிக்கூடம். ட்யூஷன் முடிஞ்சு அடையாறுலருந்து வரும்போது அந்தச் சிவப்பு எண்கள் மெதுவா மாறுறதை முழு வழியும் பார்த்துட்டே வந்தது ஞாபகம் இருக்கு. எண் சரியா இருந்தப்ப அதே ஓட்டுநர்கள் அதே மீட்டரை ஓட்டினாங்க. பிறவிக் குணம் பத்திப் பேசறவங்க இந்தச் சில மாசத்துக்கு விளக்கம் சொல்லணும்.

பெட்ரோல் விலை அப்ப சென்னையில லிட்டருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. 2022 மே மாசத்துல 102 ரூபாய் 63 காசு. மீட்டருக்குள்ள மட்டும் காலம் 2013 ஆகஸ்ட்லயே நின்னுடுச்சு. காத்திருப்புக் கட்டணத்தைப் பாருங்க: 5 நிமிஷத்துக்கு மூணரை ரூபாய்னா ஒரு மணி நேரத்துக்கு 42 ரூபாய். தீபாவளிக்கு முந்தின வாரம் உஸ்மான் ரோடு நெரிசல்ல இருபது நிமிஷம் மாட்டினா ஓட்டுநருக்கு 14 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அவர் தி. நகர்னு சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கிறதுல ஆச்சரியம் இல்லை.

என் தொழில் மென்பொருள். அந்தக் கண்ணோட்டத்துல பார்த்தா இது ஒரு பழக்கமான நோய். ஹார்டுவேர் நல்லா இருக்கு, அளவு சரியா இருக்கு, உள்ளே ஒரு கான்ஃபிக் எண் மட்டும் பழசாயிடுச்சு. அந்த ஒரு எண்ணை அப்டேட் பண்ணணும்னா நகரத்தில் உள்ள எல்லா மீட்டரையும் ஒவ்வொண்ணாக் கழட்டி, திருத்தி, சோதிச்சு, மறுபடி முத்திரை வைக்கணும். அதுக்கு ஓட்டுநர் தன் பிழைப்பைப் போட்டுட்டு வரிசையில நிக்கணும். யாராவது இப்படி ஒரு சிஸ்டத்தை இன்னிக்கு டிசைன் ரிவ்யூவுக்குக் கொண்டு வந்தா வாசலோடயே அனுப்பிடுவோம்.

2013ல் இதுக்கும் ஒரு தீர்வு அறிவிச்சாங்க. சென்னையின் சுமார் 71 ஆயிரம் ஆட்டோவுக்கும் இலவச ஜிபிஎஸ் டிஜிட்டல் மீட்டர், ரசீது அடிக்கிற பிரின்டரோட. 80 கோடி ரூபாய். ஆபத்துல அழுத்த ஒரு பட்டனும் சேர்த்து. கேட்க நல்லாத்தான் இருந்தது. வண்டிகளுக்கு அது வந்து சேரலை. வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? கட்டணத்தை வருஷா வருஷம் திருத்த ஒரு வழி இல்லாம, பழைய எண்ணை அழகான தாள்ல அச்சடிச்சுக் கொடுத்திருக்கும். அவ்வளவுதான்.

மும்பை வித்தியாசம் இங்கதான். 2012ல் அங்க ஹக்கீம் கமிட்டி ஒரு சூத்திரம் போட்டுக் கொடுத்தது: எரிபொருள், பராமரிப்பு, வாழ்க்கைச் செலவு எல்லாம் கணக்குல வரும். அதுக்கப்புறமும் அங்க சண்டை, போராட்டம், கோர்ட், வேற கமிட்டி எல்லாம் உண்டு. ஆனா எண் நகர்ந்துட்டே இருந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 2012ல் 15 ரூபாய், 2021ல் 21, 2022ல் 23, 2025 பிப்ரவரியில் 26. ரெண்டு ரூபாய், மூணு ரூபாய்னு சின்னச் சின்னதா ஏறினதால யாருக்கும் நெஞ்சு வலி வரலை. நாம ஆறு வருஷம், பத்து வருஷம் கட்டி வெச்சு மொத்தமா ஏத்தணும்னா எந்த ஆட்சிக்கும் பயம் வரும். எந்த வருஷமும் ஏதோ ஒரு தேர்தல் வருஷம்தானே.

எனக்கு இதுல ரொம்ப உறுத்துற இடம் ஒண்ணு உண்டு. சட்டப்படியான கட்டணத்துல பிழைக்க முடியாதுன்னா, ஸ்டாண்டுல நிக்கிற ஒவ்வொரு ஓட்டுநரும் ஒவ்வொரு சவாரியிலும் சட்டத்தை மீறினவர். எல்லாரும் மீறினவங்கன்னா, யாரை எப்ப பிடிக்கலாம் என்பது பிடிக்கிறவர் இஷ்டம். இன்னொரு பக்கம், நியாயமாப் பத்து ரூபாய் கூடக் கேட்கிறவருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு எக்மோர் வாசல்ல மூணு மடங்கு கேட்கிறவருக்கும் சட்டத்தின் முன்னாடி வித்தியாசமே இல்லாமப் போச்சு. ரெண்டு பேரும் 'மீட்டர் போடாதவங்க'. கொள்ளை அடிக்கிறவர் அந்தக் கூட்டத்துல சௌகரியமா ஒளிஞ்சுக்கலாம். ஒளிஞ்சுக்கிட்டும் இருக்கார், அதை மறைச்சுப் பேச நான் தயாரா இல்லை. 1988 சட்டம் எழுதினப்ப, சவாரிக்கு வர மறுக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். அதைக் கட்டிட்டுப் போறது அவருக்கு லாபம்.

மீட்டர் போன இடத்துல என்ன வந்தது? முதல்ல ஷேர் ஆட்டோ. கவனிச்சுப் பாருங்க, ஷேர் ஆட்டோவுல யாரும் விலை பேசறதில்லை. எந்த இடத்துலருந்து எந்த இடத்துக்கு எவ்வளவுன்னு ஏறும்போதே எல்லாருக்கும் தெரியும். கருவியே இல்லாம மீட்டரோட வேலை அங்க நடந்தது. அப்புறம் ஆப். 2014 கடைசியில ஓலா, பெங்களூரில் ஆரம்பிச்சு ஆட்டோக்களை உள்ளே கொண்டுவந்தது, பின்னாடியே மத்தவங்க. புக் பண்ணினதும் போன் வரும்: 'எங்க போகணும்? கேஷா, ஜிபேவா? எவ்ளோ காட்டுது?' இந்த மூணு கேள்விக்கும் அவருக்குப் பிடிச்ச பதில் வரலைன்னா சவாரி கேன்சல். பேரம் அப்படியே இருக்கு, இடம்தான் மாறியிருக்கு.

இதுல நம்ம மாதிரி போன் வெச்சிருக்கிறவங்க ஒரு மாதிரி சமாளிச்சுடறோம். மயிலாப்பூர் மாடவீதியில காய்கறிப் பையோட நிக்கிற பாட்டிக்கு ஆப் கிடையாது. கருவி யாருக்காக வந்துச்சோ அந்த ஆள் அவங்கதான்: தூரம் தெரியாது, விலை பேசத் தெம்பு கிடையாது. 'மந்தைவெளிக்கு எவ்வளவுப்பா?'னு கேட்டு, 'எண்பது குடும்மா'னு சொன்னா, குத்துமதிப்பா நம்பித்தான் ஏறணும்.

2022ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆட்டோ கட்டணத்தைத் திருத்தச் சொன்னது. பேச்சுவார்த்தைகள் நடந்தன, கட்டணம் நகரலை. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் தொழிற்சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவிச்சாங்க: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 18 ரூபாய். நம்ம பனகல் பார்க் - கபாலி கோயில் சவாரி அந்தக் கணக்குல 107 ரூபாய் 60 காசு. கட்டணம் நிர்ணயிக்கிறது அரசோட அதிகாரம், தன்னிச்சையா வசூலிச்சா நடவடிக்கைன்னு போக்குவரத்துத் துறை பதில் சொன்னது. சட்டப்படி துறை சொன்னது சரி. அப்ப ஓட்டுநர் தன் மீட்டரை ஆன் பண்ணியிருந்தா அதே சவாரிக்கு அது காட்டியிருக்கக்கூடிய எண் 63 ரூபாய் 40 காசு.