கல் ஆளான கதை

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு சமவெளிக்கு இறங்கும் வழியில் இருக்கிறது செங்கம். பல்லவர் காலத்தில் இந்த மலையடிவாரத்துச் சிற்றூர்களுக்குச் செல்வம் என்றால் மாடு. சண்டை என்றாலும் மாட்டுக்காகத்தான். மந்தையை ஓட்டிப்போக வந்தவனுக்கும் மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல் நட்டார்கள். அந்தக் கல்வாசகங்களை இரா. நாகசாமி பதிப்பிக்க, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது.

அவற்றில் எடுத்தனூர்க் கல் தனிப்பிறவி. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டவன் கருந்தேவக்கத்தி. வட்டெழுத்தில் அவன் பெயரும் சாவின் காரணமும் அரசன் ஆண்டும் இருக்கின்றன. ஒப்பாரி இல்லை, அடைமொழிகளின் ஆரவாரமும் இல்லை. பக்கத்திலேயே அவனுடைய நாய். அதற்கும் தனி வாசகம் உண்டு: பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. காஞ்சி மன்னனின் ஆண்டுக்கணக்கில் ஒரு நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது!

மலையில் கிடந்த பாறைத்துண்டு எந்தக் கணத்தில் கருந்தேவக்கத்தி ஆயிற்று? தொல்காப்பியம் இதற்கு ஒரு வரிசை சொல்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி; பிறகு அதை எடுத்துவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், சிறப்புச் செய்யும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து. நட்டதோடு வேலை முடியவில்லை. வாழ்த்தும் சொல் வந்து சேர்ந்தால்தான் சடங்கு நிறைகிறது.

1935-இல் ஃப்ரைபர்க் நகரில் கலைப்படைப்பு பற்றிப் பேசிய ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர், கிரேக்கக் கோயில் எதையும் நகல் எடுப்பதில்லை, அது நிற்பதால்தான் சுற்றியுள்ள உலகமே துலங்குகிறது என்றார். நடுகல்லுக்கும் இது பொருந்தும். ஆனால் அவருடைய கோயில் பேசாமல் நிற்கிறது. செங்கத்துக் கல்லோ தன் ஆள் யார் என்று தானே சொல்கிறது.

சொன்னதைக் கேட்க ஆள் இல்லாமல் போன காலமும் வந்தது. வட்டெழுத்து வழக்கொழிந்தது, ஊரார்க்கு அந்தக் கோடுகள் வெறும் கீறல்கள் ஆயின. கல்லை ஆளாக்குவது அந்தச் சொல்தான் என்றால் வீரன் அங்கேயே இல்லாமல் போயிருக்க வேண்டும். ஊர் அப்படி விடவில்லை. கல்லுக்கு வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்தது, நேர்ந்துகொண்டது, கிடா வெட்டியது. எழுத்தறியாத ஊர் புதுப்பெயரால் கூப்பிட, கல் மறுபடி ஆளாயிற்று. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பிள்ளைகளுக்கு இன்றும் வேடியப்பன் என்று பெயர் வைக்கிறார்கள்.